எச்சில், நீர், சான்றிதழ்

வள்ளூரில் ஒப்பந்த வேலை பார்க்கும் நண்பர் ஒருநாள் டீக்கடையில் சொன்னார்: "தண்ணி ஊத்துனதும் எஸ்.சி. போயிடுச்சி, பி.சி.ன்னு எழுதிக் குடுத்துட்டான் சார். கல்லறையில மட்டும் எங்களுக்குத் தனி மூலைதான்." இந்தப் பேச்சுக்குப் பின்னால் முந்நூறு வருஷத்து வரலாறு இருக்கிறது. அது எச்சிலில் தொடங்குகிறது.

அன்றைய கத்தோலிக்க ஞானஸ்நானத்தில் குரு தன் உமிழ்நீரைத் தொட்டு, பெறுபவரின் காதிலும் மூக்கிலும் வைப்பார், ஊதவும் செய்வார். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு, காதுகேளாதவனை உமிழ்நீர் தொட்டுக் குணமாக்கியதன் நினைவு அது. கைகழுவாமல் உண்பது பற்றிய சர்ச்சையில்தான் அதே அதிகாரம் தொடங்குகிறது என்பது கவனத்திற்குரியது. தீட்டு வெளியே இல்லை, உள்ளத்தில் இருக்கிறது என்றவர்தான் எச்சிலைத் தொட்டார்.

1606இல் மதுரை வந்த தெ நொபிலியின் வழியில் நடந்த சேசு சபையினர், உயர்சாதியினர் அருவருப்பார்கள் என்று இந்த எச்சிலை விட்டுவிட்டார்கள். பாப்பரசரின் தூதர் துர்னோன் 1704இல் பாண்டிச்சேரியில் அதை மீண்டும் சேர்க்க ஆணையிட்டார். மாதவிடாய்ப் பெண்களைக் கோயிலிலிருந்து விலக்கக் கூடாது, நோயுற்ற பறையரின் வீட்டுக்குள் குருக்கள் போகவேண்டும் என்பனவும் அதே ஆணையில் இருந்தன. எச்சில், உதிரம், சேரி: சாதி தன் எல்லையைக் கீறும் மூன்று இடங்கள். துர்னோன் ஒன்றும் சமத்துவவாதியல்ல. அவர் கவலையெல்லாம் 'அஞ்ஞானச்' சடங்கு பற்றியதே. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் ஆணையை உறுதிசெய்தார். ஆனால் பறையருக்கென்று தனிக் குருக்கள் என்ற சமரசத்தையும் ஏற்றுக்கொண்டார். வடக்கன்குளம் கோயிலின் சாதிச் சுவர் 1910இல்தான் இடிந்தது.

வள்ளூருக்கு வடக்கே, பழவேற்காட்டில் மாதா கோயிலும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு. இஸ்லாத்தில் துடக்கு என்பது ஒரு நிலை, பிறப்பல்ல. ஒளு முறிந்தால் மறுபடி செய்துகொள்ளலாம். பெருந்துடக்குக்குக் குளிப்பு, நீரில்லையென்றால் மண்ணைத் தொட்டுத் தயம்மும். மனிதர் குடித்து மீந்த நீரை, குடித்தவர் எந்த மதமானாலும், சுன்னி மரபில் பெரும்பாலோர் சுத்தமென்றே கொள்வர். எச்சிலுக்குத் தீட்டில்லை. இதனால் தமிழ் முஸ்லிம்களிடையே மேல்-கீழ் ஒழிந்துவிடவில்லை. ஆனால் தண்ணீரைக் காட்டி அதை நியாயப்படுத்த முடியாது. 1981இல் மீனாட்சிபுரத்துத் தலித்துகள் இஸ்லாத்தில் தேடியதை இங்கிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு அரசு வருகிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை மதத்தோடு கட்டியது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் உள்ளே வந்தனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. சென்னையில் செருப்புத் தைத்த கிறிஸ்தவர் சூசையின் வழக்கை 1985இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறதென்று காட்டவில்லையாம்.

ஞானஸ்நானம் சாதியைக் கழுவும் என்று திருச்சபையே முழுசாக நம்பியதில்லை. அரசு நம்புகிறது. அந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பவர் என் நண்பர்.