லயனல் வென்ட்: சட்டக் கல்வியிலிருந்து கலைத் தலைமை வரை

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கையில் நவீனக் கலை உருவான வரலாற்றை ஆராய்வோர் லயனல் வென்ட்டின் (1900–1944) பெயரைத் தவிர்த்துச் செல்ல இயலாது. பியானோக் கலைஞர், ஒளிப்படக் கலைஞர், ஆவணப்படம் ஒன்றின் வருணனைக் குரல், ஓவியர் குழுவொன்றின் ஊக்குநர் எனப் பல நிலைகளில் அவர் அறியப்படுகிறார். கொழும்பின் அரங்கு ஒன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவற்றைத் தனியொருவரின் பன்முகத் திறனாகப் போற்றி அமைவது எளிது. ஆயின், ஒரு கலையில் தாம் பெற்ற பயிற்சியையும் தொடர்புகளையும் பிற கலைஞர்க்குப் பயன்படச் செய்ததே அவருடைய தலைமையின் இயல்பு என்பதையும், அத்தலைமைக்கு அடித்தளமாக இருந்த சமூக வாய்ப்புகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்விப் பருவம்

வென்ட்டின் தந்தை பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர்; உயர் நீதிமன்ற நீதியரசராகப் பணியாற்றியவர். தாய் சிங்களக் குடும்பத்தவர். தந்தையின் துறையைப் பின்பற்றி 1919இல் இலண்டன் சென்ற வென்ட், சட்டம் பயின்றதோடு இராயல் இசைக் கழகத்தில் பியானோவும் கற்றார். 1924இல் பாரிஸ்டராக நாடு திரும்பினார் எனினும் வழக்கறிஞர் தொழிலில் அவர் நிலைக்கவில்லை. இசையே முதன்மை பெற்றது. 1930களின் தொடக்கத்தில் ஒளிப்படக் கலை அவரை ஆட்கொண்டது. குடும்பம் எதிர்பார்த்த கல்வி ஒன்று, அவர் விரும்பிக் கற்றது மற்றொன்று, பின்னர்ப் புகழ் ஈட்டித் தந்தது மூன்றாவதொன்று என்பது இங்குக் கருதத்தக்கது. தொழிலைக் கைவிட்டுக் கலையில் ஈடுபட முடிந்தமைக்கு அவருடைய குடும்பச் செல்வமும் காரணமாகும். அவ்வாய்ப்பு அக்காலத்து இலங்கையரில் மிகச் சிலர்க்கே கிட்டியது.

ஒளிப்படமும் திரைப்படமும்

கைக்கடக்கமான லைக்கா ஒளிப்படக்கருவியைப் பயன்படுத்திய வென்ட், கடலோர மக்கள், உழைப்பாளர், விகாரைகள், இயற்கைக் காட்சிகள் ஆகியவற்றைப் பதிவு செய்தார். இருட்டறையில் படம் உருவாகும்போதே மீண்டும் ஒளிபடச் செய்து நிழலையும் ஒளியையும் தலைமாற்றும் சோலரைசேஷன் முறையையும், பல படங்களை ஒன்றிணைக்கும் முறையையும் அவர் கையாண்டார். ஐரோப்பியப் புத்தாக்கக் கலைஞரின் இந்நுட்பங்கள் இலங்கை வாழ்வைக் காட்டப் பயன்பட்டன. அதே வேளையில், அப்படங்களில் உள்ள உழைக்கும் மக்கள் பலரின் பெயர்கள் படங்களுடன் பதிவாகவில்லை. எடுத்தவர் வரலாற்றில் இடம்பெற, எடுக்கப்பட்டவர் உருவமாக மட்டுமே எஞ்சும் இந்நிலை அன்றைய வர்க்க இடைவெளியைக் காட்டுகிறது.

பஸில் ரைட் இயக்கி 1934இல் உருவான ‘சிலோன் கீதம்’ என்னும் ஆவணப்படத்தில் ஒலிப்பது வென்ட்டின் குரலாகும். தேயிலை விற்பனையைப் பெருக்கும் நோக்கில் தொடங்கிய இப்படத்தின் வருணனை, கண்டி அரசில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான இராபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. ஆங்கிலேயர் ஒருவர் எழுதிய இலங்கையை இலங்கையர் ஒருவரே வாசிப்பது இதன் முரண்பாடு. எனினும், கண்டி நடனக் கலைஞர் இப்படத்தில் இடம்பெற்றமை வென்ட்டின் ஈடுபாட்டோடு பொருந்துகிறது. மரபு நடனத்தை மேட்டுக்குடியினர் பொருட்படுத்தாத காலத்தில் அக்கலைஞர்க்கு ஆதரவளித்தவருள் அவர் குறிப்பிடத்தக்கவர்.

43 குழு

1943 ஆகஸ்ட் 29இல் ‘43 குழு’ தோன்றியது. பிரித்தானியக் கல்விசார் பாணியைப் போற்றிய இலங்கைக் கலைச் சங்கத்தின் செல்வாக்கிலிருந்து விலகிய ஓவியர்கள் இதில் இணைந்தனர். ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, முன்னர்ப் பௌத்தத் துறவியாக இருந்த மஞ்சுசிறி முதலியோர் இதன் உறுப்பினர். இவர்களின் பாணிகள் ஒன்றோடொன்று ஒத்தவை அல்ல. ஒருமித்த கொள்கையைவிடத் தடையின்றிப் படைக்கவும் காட்சிப்படுத்தவும் ஓர் இடம் வேண்டும் என்பதே இவர்களை இணைத்தது. அவ்விடத்தை உருவாக்கியவர் வென்ட். ஓவியர் அல்லாத ஒருவர் ஓவியர் குழுவின் மையமாக நின்றமைக்குக் காரணம் இதுவே. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். எனினும் குழு கலையவில்லை. 1952இல் இலண்டனில் கண்காட்சி நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. தோற்றுவித்தவர் மறைந்த பின்னும் அமைப்பு செயல்பட்டமை அத்தலைமையின் உறுதிக்குச் சான்றாகும்.

முடிவுரை

வென்ட்டின் மறைவுக்குப்பின் அவருடைய எதிர்மச் சுருள்கள் அழிக்கப்பட்டன. எஞ்சிய அச்சுப் படங்களைக் கொண்டே இன்றைய ஆய்வு நிகழ வேண்டியுள்ளது. நண்பர்களின் முயற்சியால் அவருடைய ஒளிப்படத் தொகுப்பு 1950இல் நூலாக வெளிவந்தது. ஹரல்ட் பீரிஸ் முதலியோரின் முயற்சியால், அவர் வாழ்ந்த வீடு இருந்த இடத்தில் லயனல் வென்ட் அரங்கு 1953இல் திறக்கப்பட்டது. நாடகத்தோடு வென்ட்டின் பெயர் இணைந்தது இவ்வாறே. நாடகம் படைத்தவராக அன்றி, நாடகம் நிகழும் இடத்தின் பெயராக அவர் நிலைபெற்றார். பிறர் படைப்புகளுக்கு அவர் அளித்த இடத்தை, அவர் படைப்புகளுக்கு அவருடைய நண்பர்கள் அளித்தனர். கலைத் தலைமையை மதிப்பிடுவோர் தனியாள் சாதனைகளோடு, பிறர் கலை வாழ அவர் உருவாக்கிய சூழலையும், அச்சூழலுக்குள் பெயரின்றி நின்றோரையும் ஒருங்கே கருதுதல் வேண்டும் என்பதை வென்ட்டின் வரலாறு உணர்த்துகிறது.