கணினிப் பெட்டி வைக்குமிடம்

மேசைக் கணினியின் மின்சுற்றுகள் அடங்கிய பெட்டியை வீட்டில் நிறுத்தும் இடம். பேச்சு வழக்கில் இப்பெட்டி 'சிபியு' எனப்படும். 1981இல் வந்த ஐபிஎம் நிறுவனத்தின் கணினியில் பெட்டி படுக்கையாக மேசைமேல் இருந்தது. அதன்மேல் திரை அமர்ந்தது. அந்நிறுவனம் 1987இல் தரையில் நிற்கும் பெட்டிகளையும் விற்றது. மேசையில் இடம் மிச்சமாயிற்று. ஆனால் பெட்டி தூசிக்கு அருகே வந்துவிட்டது.

பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி போன்ற ஊர்களில் தூசிதான் முதல் எதிரி. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று செம்மண் புழுதியை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும். பெரும்பாலான பெட்டிகள் முன்பக்கம் காற்றை இழுத்துப் பின்பக்கம் தள்ளுவதால், தரையோரப் புழுதி நேரே உள்ளே சூட்டைத் தணிக்கும் வெப்பத்தகட்டில் படியும். வீடு துடைக்கும் ஈரமும் எறும்பும் வேறு. எனவே காற்று வரும் சன்னலுக்கு நேரே வைக்காமல், ஒரு சாண் உயரப் பலகையிலோ மேசையின் ஓரத்திலோ வைப்பதே நல்லது. சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது இடைவெளி வேண்டும்.

கணினி மேசைகளில் கதவோடு வரும் அடைத்த அறையைத் தவிர்க்க வேண்டும்; வெளியேறிய சூடான காற்றே திரும்ப உள்ளே போகும். சித்திரை வெயிலில் இது கணினியின் வேகத்தையே குறைத்துவிடும். சுழலும் வன்தட்டு உள்ள பெட்டியை இயங்கும்போது நகர்த்தக் கூடாது. நில இணைப்புள்ள மூன்று துளைச் செருகுவாய் எட்டும் தூரத்தில் இருப்பது கட்டாயம்.