துண்டுச் சீட்டும் சம்பளப் பிடித்தமும்

சம்பளச் சீட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "வாத்தியாரிடம் காட்டிக் கேட்டு வா" என்று அனுப்பும் பெற்றோர் உண்டு. நாங்கள் முதலில் பார்ப்பது பிடித்தக் கணக்கைத்தான். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம்மவரிடையே 'துண்டு' என்ற சீட்டு வழங்கியது. ஊரிலிருந்து அழைத்து வரக் கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பேரில் கடனாக நிற்கும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமா? இவ்வளவு ரூபாய் கட்டினால் இந்த ஆட்களை விடுவேன் என்று துரை எழுதித் தருவார். அதுதான் துண்டு. புதிய துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் தீர்ந்ததா? இல்லை, புதிய தோட்டத்தின் கணக்கில் ஏறிக்கொண்டது. ஆள் போய்ச் சேருமுன் அவன் கடன் போய் நின்றது! 1921-இல்தான் சட்டம் துண்டை ஒழித்தது.

மலாயாவிலும் கங்காணிகள் முன்பணம் கொடுத்தே ஆள் திரட்டினார்கள். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் கட்டிய அந்தப் பணத்தில் கப்பலேறியவர்கள் பயணக் கடனில்லாமல் இறங்கினார்கள். ஆனால் லயத்துக்கு வந்ததும் கடைக் கணக்கு தொடங்கிவிடும். பேராக் ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த நமக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் இதற்கு வேலி போட்டது. சம்பளத்தை இன்ன கடையில்தான் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போட முடியாது. ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டாத முன்பணத்துக்கு வட்டி பிடிக்கக் கூடாது. கடைக்காரர் கிராணியாரிடம் சொன்னார் என்பதற்காகச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. தொழிலாளி எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், தொழிலாளர் இலாகாவின் அனுமதியும் வேண்டும். ஒரு மாதப் பிடித்தம் மொத்தமாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வீட்டுக் கடன், வேலையை விடும்போது வாங்கும் கடைசிச் சம்பளம் போன்ற சில விலக்குகள் உண்டு.

இன்று பல தோட்டங்கள் மறைந்துவிட்டன. பிள்ளைகள் ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறார்கள். மோட்டார் சைக்கிள் கடனில் தவணை தவறினால் அது கடன் விவர அறிக்கையில் ஏறி, அடுத்த கடன் கேட்கும் இடத்தில் முன்னால் போய் நிற்கிறது. இதுவும் ஒரு துண்டுதான் என்று எங்களுக்குத் தோன்றும். ஒரு வித்தியாசம்: அந்தக் காலத்துத் துண்டில் எழுதிய தொகையைத் தொழிலாளி மறுத்துப் பேச வழியில்லை. இன்றோ, 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நம் அறிக்கையை நாமே கேட்டு வாங்கலாம். பிழை இருந்தால் திருத்தக் கோரலாம்.