துணிச்சல் யாருக்கு இல்லை?

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொந்தத் தொழில் தொடங்கத் துணிச்சல் இல்லை" என்றார் எதிரணித் தோழி. நான் கேட்கிறேன், துணிச்சல் இல்லாதது பிள்ளைக்கா, பெற்றவருக்கா? "மாப்பிள்ளை சொந்தமா தொழில் பண்றார்"னு தரகர் சொன்னா, "அது இருக்கட்டும், என்ன வேலை பார்க்கிறார்?"னு கேட்கிறவங்க நாமதானே!

வரலாற்றைப் பாருங்கள். 1906ஆம் ஆண்டு. தூத்துக்குடி வக்கீல் வ.உ.சி.க்கு வயது 34. வெள்ளையர் கம்பெனிக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விடத் துணிகிறார். வக்கீல் வருமானத்தில் கப்பல் வாங்க முடியுமா? 10 லட்சம் ரூபாய் மூலதனம் என்று திட்டமிட்டு, அதை 40,000 பங்குகளாகப் பிரித்தார். ஒரு பங்கு 25 ரூபாய். மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் சுதேசிக் கம்பெனிக்கும் தலைவரானார். பலர் பணம் போட்டார்கள். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன!

வெள்ளைக்காரன் சும்மா இருப்பானா? கட்டணத்தைக் குறைத்தான். 1908இல் வ.உ.சி.யைச் சிறையில் தள்ளினான். அவர் சிறையில் இருக்கும்போதே, 1911இல், கம்பெனி மூடப்பட்டது.

"பார்த்தீர்களா, தொழில் என்றால் நஷ்டம்தான்" என்பார்கள் எதிரணியினர். இல்லைங்க! அந்தக் கப்பல் ஓடியது ஒருவர் துணிச்சலால் மட்டுமல்ல. அவரை நம்பி 25 ரூபாய் எடுத்துக் கொடுத்த கைகளாலும்தான்.

மகனோ மகளோ, அவர்கள் துணிச்சலை அளக்கும் முன், அவர்கள் தொழிலில் நாம எத்தனை பங்கு வாங்கினோம்னு எண்ணிப் பார்ப்போம்.