செங்குத்து என்பது எத்தனை விழுக்காடு?

திருவனந்தபுரத்துக் குன்றுச் சாலை ஒன்றை ‘ஏற்றம்’ என்பதா, ‘இறக்கம்’ என்பதா என்பதை நடப்பவரின் திசையே தீர்மானிக்கிறது. ‘செங்குத்து’ என்ற சொல் திசையை விட்டு அளவைச் சொல்ல முனைகிறது. ஆனால் எந்த அளவில் அது தொடங்குகிறது என்று சொல்வதில்லை. ‘பெரிது’, ‘சிறிது’ போன்ற சொற்கள் ஓர் ஒப்பீட்டைத் தம்முள் கொண்டே பொருள் தருகின்றன என்பதை 1944-இலேயே வெளியான எட்வர்ட் சபீரின் கட்டுரை விளக்கியது.

பொறியாளர்கள் இச்சொற்களுக்கு எண் வகுத்தனர். 1934-இல் நிறுவப்பட்ட இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் நெறிமுறைப்படி, சமவெளிச் சாலைக்குப் பொதுவான சரிவு 30-க்கு 1. தவிர்க்க இயலாத இடத்தில் 15-க்கு 1, அதாவது 6.7 விழுக்காடு. மலைச் சாலைகளுக்கு வரம்புகள் வேறு. ஆக, எண் வந்த பிறகும் பெயர் இடத்தைச் சார்ந்தே நின்றது.

12-க்கு 1 என்னும் சரிவையே எடுத்துக்கொள்வோம். விழுக்காட்டில் இது 8.3. சமவெளிச் சாலைக்கு இது வரம்பு மீறல். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தில் ஏற்கத்தக்க உச்சம். ஏறத்தாழ இதே சரிவில் ஏறுவதற்கு நீலகிரி மலை ரயிலுக்குப் பற்சட்டம் தேவைப்படுகிறது. எண் ஒன்று, பெயர்கள் மூன்று.

2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இச்சிக்கலைத் தன்னார்வலர் கைகளில் சேர்த்தது. அதில் சரிவை விழுக்காட்டிலோ பாகையிலோ குறிக்கலாம். ‘மேல்’, ‘கீழ்’ என்று மட்டும் சொல்லியும் விடலாம். அந்த ‘மேல்’ சாலைக் கோடு வரையப்பட்ட திசையைப் பொறுத்தது. கோட்டைத் திருப்பியவர் குறியை மாற்றாவிடில் ஏற்றம் இறக்கமாகிவிடும். பாகைக் குறி விடுபட்டாலோ, 17.6 விழுக்காட்டுச் சரிவான 10 பாகை வெறும் 10 விழுக்காடாகிவிடும்.

கேரள மாநில ஐ.டி. மிஷன் 2019-இல் தொடங்கிய ‘மேப்பத்தான் கேரளம்’ இதே மேடையைப் பயன்படுத்தியது. பலர் கூடி வரையும் வரைபடத்தில் ஒருவருக்குச் செங்குத்தாகத் தோன்றுவது மற்றொருவருக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். அதை நம்பிச் சக்கர நாற்காலியில் வருபவருக்கோ, அந்த வேறுபாடு பாதி வழியில் திரும்ப நேர்வதாக முடியும்.

ஆகவே வரைபடத்தில் பதியவேண்டியவை அளவும் அலகும் திசையும். ‘செங்குத்து’ என்ற பெயரைப் பயன்படுத்துவோரின் தேவைக்கேற்ப அந்த எண்ணிலிருந்து பின்னர் வருவித்துக்கொள்ளலாம். எண்ணிலிருந்து பெயரைப் பெறமுடியும். பெயரிலிருந்து எண்ணை மீட்க இயலாது.