இழுவைமடித் தடை பிறந்த கதை

திங்கள், புதன், சனி. தலைமன்னார், பேசாலைப் பக்கத்துச் சிறுதொழில்காரர் பலர் இந்த இரவுகளில் வலையைக் கரையிலேயே வைத்துவிடுவார்கள். நாட்டுப்படகோடு மோதல் வராதிருக்க அக்கரையான தமிழ்நாட்டில் விசைப்படகுகளுக்கு ஒதுக்கிய நாட்கள் அவை. அந்தப் படகுகள் எல்லை தாண்டி வருவதால், அன்றைக்குக் கடலில் விட்ட நைலோன் வலை விடியும்போது துண்டுதுண்டாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். பல தடவை மிதவைகூட மிஞ்சாது.

றோலர் என்னும் அந்த விசைப்படகு இழுக்கும் மடியின் வாயை இரண்டு பலகைகள் விரித்துப் பிடிக்கும். அடிச்சங்கிலி கடல்தரையை வறண்டிக்கொண்டே போகும். குறி இறால்தான், அதற்காகக் கடற்புல்லும் மீன்குஞ்சும் சேர்ந்து அள்ளுப்படும்.

1952இல் ஒப்பந்தமாகிக் கேரளத்துக்கு வந்த இந்திய–நோர்வே திட்டம் விசைப்படகுத் தொழிலுக்கு வித்திட்டது. இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியதும் இழுவைமடி தமிழ்நாட்டுக் கரையெங்கும் பரவியது. 1974, 1976 இந்திய–இலங்கை ஒப்பந்தங்கள் கடலில் எல்லை போட்டன. பிறகு போர், எங்கள் மீனவருக்குக் கடல் பூட்டு, றோலருக்கோ திறந்த வீடு. போர் முடிந்த 2009க்குப் பின் தொழிலுக்கு இறங்கியவர்கள் கண்டது வறண்டிய தரையை. ஓராண்டில் இழுவையை விட்டுவிடுவதாக 2010 ஆகஸ்டில் இரு கரை மீனவரும் பேசி இணங்கினார்கள். ஆண்டு போனது, றோலர் போகவில்லை.

இதில் ஒரு சங்கடமும் இருந்தது. பேசாலையிலும் யாழ்ப்பாணத்துக் குருநகரிலும் நம்மவரிடமே றோலர் உண்டு. அவர்களை விட்டுவிட்டு அயலவனை மட்டும் குற்றஞ்சொன்னால் யார் கேட்பார்? நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாக முன்வைத்த தடை, 2017 ஜூலை 6 அன்று இலங்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது உள்ளூர்ப் படகையும் சேர்த்தே கட்டியது. அந்தச் சட்டத்தின் மானம் அதில்தான் இருக்கிறது என்பேன்.

அதே மாதக் கடைசியில் இராமேசுவரத்தில், இழுவையை விட்டு ஆழ்கடலில் தூண்டிலில் சூரை பிடிக்கும் படகுக்கு மாறுவோருக்கு இந்தியப் பிரதமர் அனுமதிக் கடிதம் கொடுத்தார். படகு விலை 80 இலட்சம் ரூபாய், அதில் எழுபது வீதம் மானியம். இலக்கு 2000 படகு. அதன் கிட்டவும் போகவில்லை. இரவு போய்க் காலையில் திரும்பிப் பழகியவனை மீதிக் கடனையும் சுமந்துகொண்டு நாட்கணக்காய் ஆழ்கடலில் கிடக்கச் சொன்னால் இலேசில் வருவானா?

இலங்கையில் 2018இல் வெளிநாட்டுப் படகுக்கான அபராதம் பல மடங்கு ஏறியது. ஆண்டுக்கு எத்தனை இந்தியப் படகு பிடிபட்டதென்று கடற்படை கணக்குச் சொல்கிறது. உள்ளூர் றோலர் இன்னும் முழுதாக நின்றபாடில்லை. உள்ளூர் றோலர்காரர்மேல் போட்ட வழக்குகளின் கணக்கையும் மன்னார் கடற்றொழில் அலுவலக வாசலில் மாதாமாதம் ஒட்டட்டும்.