‘ஒனர்’: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

பாராளுமன்ற உறுப்பினரின் பெயருக்கு முன்னால் ‘கௌரவ’ என்று போடுகிறோம். பல்கலைக்கழகத்தில் சிறப்புப் பட்டம் எடுக்கிறோம். கணக்கில் காசில்லாவிட்டால் செக் திரும்பி வருகிறது. பெற்ற மகளைக் கொன்றவன் ‘மானத்துக்காகச் செய்தேன்’ என்கிறான். இந்த நான்கு இடத்திலும் ஆங்கிலத்தில் நிற்பது ஒரே சொல்தான்: ‘ஒனர்’. இவ்வளவு தூரம் விலகிய பொருள்கள் ஒரு சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தன?

இது ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அல்ல. இலத்தீனில் இதன் மூலச்சொல் மதிப்பைக் குறித்ததோடு அரச பதவியையும் குறித்தது. 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பின், பிரெஞ்சு வழியாக இச்சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. எழுத்தில் முன்னால் ‘ஹ’கரம் இருந்தும் வாயில் வராமல் போனது அந்தப் பிரெஞ்சுத் தொடர்பினால்தான்.

அக்கால இங்கிலாந்தில் ‘ஒனர்’ என்றால் நிலம் என்றும் பொருள். பெரும் பிரபு ஒருவரின் கீழிருந்த பல பண்ணைகளின் தொகுதிக்கு அப்பெயர் வழங்கியது. யோர்க்‌ஷயரிலுள்ள ரிச்மண்ட் ‘ஒனர்’ இதற்கு நல்ல உதாரணம். ஆக, மதிப்பு என்பது குணத்தில் மட்டும் இருக்கவில்லை. கையில் இருந்த காணியிலும் அரசன் தந்த பதவியிலும் இருந்தது. காணி இல்லாதவனுக்கு இந்த ‘ஒனர்’ ஏது?

பிறகு வியாபாரிகள் இச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மாற்றுண்டியல் ஒன்றை ஏற்க வேண்டியவர் மறுத்துவிட்டால், எழுதியவரின் பேர் கெடாமலிருக்க வேறொருவர் முன்வந்து ஏற்கலாம். அதற்கு ‘ஒனருக்காக ஏற்றல்’ என்று பெயர். இங்கிலாந்தின் 1882ஆம் ஆண்டு மாற்றுண்டியல் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. செக் ‘டிஸ்ஒனர்’ ஆகிட்டு என்று நாம் சொல்வதும் இந்த வழியில் வந்ததுதான். கொடுத்த வாக்கைக் காப்பதே இங்கு மானம்.

1755இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதி, இச்சொல்லின் பொருள்களுள் கற்பையும் ஒன்றாகத் தந்தது. ஆணின் மானம் அவன் வாக்கிலும் வீரத்திலும், பெண்ணின் மானம் அவள் உடலில் என்ற பிரிவு ஆங்கிலேயரிடமும் இருந்தது என்பதற்கு இது சாட்சி.

ஆணின் மானம் அங்கே இரத்தமும் கேட்டது. கனவான்கள் துப்பாக்கியால் சுட்டுக்கொள்ளும் சண்டையை ‘ஒனர் விவகாரம்’ என்றார்கள். சட்டப்படி அதில் கொல்வது கொலைதான். ஆனால் ஜூரிமார் தண்டிக்கத் தயங்கினர். 1829 மார்ச் 21ஆம் திகதி, பிரதமராக இருந்த வெலிங்டன் பிரபுவே வின்சில்சி பிரபுவோடு பட்டர்சீ வயல்வெளியில் இப்படி மோதினார். கத்தோலிக்கருக்கு உரிமை வழங்கும் விடயத்தில் எழுந்த வசைதான் காரணம். இருவரும் குறி தவறச் சுட்டதால் உயிர் தப்பியது. வின்சில்சி பின்னர் மன்னிப்புக் கேட்டார்.

1843இல் அப்படி நடக்கவில்லை. லண்டனில் கேணல் ஃபோசெட் என்ற இராணுவ அதிகாரியை, அவருடைய மனைவியின் சகோதரியைக் கட்டிய மன்றோ சுட்டுக்கொன்றார். விதவைக்கு ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. அதனால் எழுந்த கொதிப்பில், 1844இல் இராணுவ விதிகள் திருத்தப்பட்டன. செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்பதும், கேட்டவரை மன்னித்து ஏற்பதும் மானமுள்ளவரின் பண்பே என்று அந்த விதி சொன்னது. சண்டையைத் தடுப்பதற்குச் சொல்லின் பொருளையே மாற்ற வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இன்று ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘ஒனர் கொலை’ என்ற தொடரைப் பார்க்கிறோம். அது பெரும்பாலும் முஸ்லிம்களோடும் தெற்காசியரோடும் சேர்த்தே எழுதப்படுகிறது. வெலிங்டனின் கதை தெரிந்தவர்கள், இந்த நோய் ஒரு மார்க்கத்துக்கோ இனத்துக்கோ உரியதல்ல என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் அதைச் சொல்லிவிட்டு நம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. கொல்லப்படுவது நம் பிள்ளைகளும்தானே?

மொழிபெயர்ப்பிலும் பொறுப்புண்டு. இஸ்ஸத், ஷரஃப், கராமத், இர்ழ் என்று அரபு பிரித்துப் பார்க்கும் நான்கையும் ஆங்கிலம் ‘ஒனர்’ என்ற ஒன்றுக்குள் போட்டுவிடுகிறது. நாமும் கண்ணை மூடிக்கொண்டு ‘கௌரவக் கொலை’ என்று எழுதினால், கொன்றவன் தனக்குத்தானே சூட்டிய பட்டத்தை நாமே உறுதிப்படுத்துகிறோம். தமிழ்நாட்டில் பலர் அதை விட்டு ‘ஆணவக் கொலை’ என்றே எழுதுகிறார்கள். நம் ஏடுகளும் வகுப்பறைகளும் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வது நல்லது.